பழகிய கைகாட்டி

பால் வாங்கப் போன ஜெனோவா வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. ஹாம்பர்க் வந்து அன்றைக்கு மூன்றாம் நாள். கடை இருந்தது என்னவோ அடுத்த தெருவில்தான். ஆனால் அடுத்த தெருவும் அதற்கடுத்த தெருவும் ஒரே சிவப்புச் செங்கல், ஒரே ஜன்னல், வாசலுக்கு வாசல் ஒரே மாதிரி சைக்கிள். பெயர்ப் பலகை பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் பலகையே கிடையாது. எல்லோர் காதிலும் கைகாட்டி வந்தபிறகு எதற்குத் தண்டச்செலவு என்று நகராட்சி எல்லாவற்றையும் கழற்றிவிட்டது. போனில் வரைபடம் காட்டிய கம்பெனிகளும் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டன. வழியில் போன இரண்டு பேரிடம் முகவரியைச் சொல்லிக் கேட்டாள். அவர்கள் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, தங்களுக்கே தெரியாது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்கள். தூத்துக்குடியில் எட்டு வருஷம் ஐ.சி.யு.வில் குப்பை கொட்டிய நர்ஸ், கையில் பால் பாக்கெட்டோடு நடுத்தெருவில் முழித்துக்கொண்டு நின்றாள்.

தேடிக்கொண்டு வந்த அண்ணன் கிளீட்டஸ் அவளைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பால் தயிராயிருச்சா பாருட்டி" என்றான். வீட்டுக்கு வந்ததும் கம்பளித் தொப்பிக்குள் கையை விட்டு, காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டியிருந்த மிளகு அளவு மணி ஒன்றைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். "இந்தா, கைகாட்டி. நீ போட்டுக்க."

"அப்ப உனக்கு?"

"புதுசுக்குச் சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் வந்துரும்."

"அப்ப புதுச எனக்குக் குடு. பழச நீயே வச்சுக்க."

"போட்டி, கோட்டிக்காரி. புதுசுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆறு மாசம் நீ முட்டி மோதி நடந்து அதுக்குப் படிச்சுக் குடுக்கணும். இது நல்லாப் பழகுனது. எங்க போவணும்னு நெனச்சாப் போதும், கால் தன்னால போவும்."

"அழிச்சுட்டுத்தான் அடுத்த ஆளுக்குக் குடுக்கணும்னு ஏர்போர்ட்ல படம் போட்டுக் காட்டுனாங்களே?"

"அழிச்சா அதுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்? உனக்குத்தான குடுக்கேன், ஊரானுக்கா குடுக்கேன்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கிளீட்டஸ் போட்ட மழைக்கோட்டைப் போட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள். அவன் அடிக்கோடு போட்ட புத்தகத்தைத்தான் படித்தாள். அவன் ஓட்டிப் பழசான ஸ்கூட்டர்தான் அவள் முதல் வேலைக்குப் போன வண்டி. நல்லா இருக்கிற பொருளைத் தூர எறிகிற குடும்பம் இல்லை அவர்களுடையது. ஆகவே மணியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

கைகாட்டி வாயைத் திறந்து பேசாது, படமும் காட்டாது. காதுக்குள்ளே மனுஷனை விழாமல் நிறுத்திவைக்கிற உறுப்பு ஒன்று இருக்கிறதல்லவா, அதை லேசாகச் சீண்டிவிடும், அவ்வளவுதான். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதுபோல இருக்கும். பள்ளம் பார்த்து இறங்குவதுபோல அந்தப் பக்கம் நடந்தால் போதும், போக வேண்டிய இடம் வந்துவிடும். போட்டிருக்கிற ஆளையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். இவனுக்குப் பசித்தால் எங்கே போகிறான், களைத்தால் எங்கே உட்காருகிறான் என்று மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். ஒரு வருஷம் பழகிய கைகாட்டிக்கு, ஆள் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

முதல் ஒரு மாசம் அமர்க்களமாகப் போனது. பசித்தபோது அது அவளை ஒரு துருக்கிக்காரர் ரொட்டிக் கடையில் கொண்டுபோய் நிறுத்தியது. மழை வந்தால் காசு கேட்காத கழிப்பறை உள்ள நூலகத்துக்குள் தள்ளியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போகலாம் என்று குளித்துக் கிளம்பினால், கோயிலுக்குப் பதிலாக ஒரு கால்பந்து மைதானத்தின் வேலி ஓரமாய் இழுத்துக்கொண்டு போனது.

"இதான் நீ வாராவாரம் பூசைக்குப் போற லட்சணமா? அம்மாட்ட சொல்லட்டா?" என்று அவள் கேட்க, "சொன்ன, கால முறிச்சிருவேன்" என்றான் கிளீட்டஸ். இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்று வருஷமாக அண்ணன் இந்த ஊரில் எப்படி வாழ்ந்தான் என்பதை அவன் சொல்லாமலே தெரிந்துகொள்வது அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

இதில் ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறாள், எந்த முக்கில் திரும்புகிறாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவன்போலத்தான் அவள் நடந்தாள். இந்த ஊரில் எல்லோருமே அப்படித்தான் என்பதால் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

நவம்பரில் ஒரு நாள் வேலையில் அடி விழுந்தது. ஒரு நோயாளியின் மகள் ஜெர்மனில் படபடவென்று ஏதோ சொன்னாள். பாதி புரிந்து பாதி புரியாமல், நம்மாட்கள் செய்கிற மாதிரியே ஜெனோவாவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். அந்தப் பெண் சொன்னது, தன் அம்மா விடிய விடிய வலியில் துடித்தாள் என்பது. புகார் போனது. மொழிப் பரீட்சை பாஸாகும்வரை நோயாளிகளைத் தொட வேண்டாம், படுக்கை விரித்தால் போதும் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாள். துணி மாற்றுகிற அறையில் உட்கார்ந்து ஜெனோவா அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீடு என்றுதான் நினைத்தாள். தரை வேறு பக்கம் சரிந்தது. நடந்தாள். பழைய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய், அதன் குறுக்கே ஒரு பாலம். நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. பாலத்தின் கைப்பிடிக் கம்பி ஓரிடத்தில் படகுக்காரர்கள் இறங்குவதற்காக விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளியில் வந்து நின்றதும் கைகாட்டி அடங்கியது. அண்ணன் காற்று வாங்க வருகிற இடம் போலிருக்கிறது, அவனுக்கும் இப்படி நாட்கள் இருந்திருக்கும் என்று நினைத்து, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இன்னொரு நாள் அம்மாவிடம் போனில் பொய்யாகச் சிரித்துப் பேசி வைத்தபிறகும் அங்கேதான் போய் நின்றாள். பரீட்சையில் தோற்ற அன்றைக்கும் அதே பாலம். அன்றைக்குத்தான் கீழே பார்த்தாள். வலது கால் செருப்பின் முன்பாதி கல்லைத் தாண்டி வெறும் காற்றில் இருந்தது. தரை இன்னமும் சரிந்துகொண்டிருந்தது, தண்ணீர்ப் பக்கமாக. கைகாட்டி முன்பு அடங்கியது என்று அவள் நினைத்தது தப்பு. இன்னும் ஓர் அடி பாக்கி வைத்திருந்தது. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மனசு கொஞ்சம் ஆறி, தரை வீட்டுப் பக்கம் திரும்பியபிறகுதான் நடந்தாள்.

வீட்டில் கிளீட்டஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கிற வேலை அவனுக்கு. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. மைதானத்துக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டான்.

"அண்ணே, கிடங்குக்குப் பின்னால ஒரு பாலம் இருக்குல்லா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பவில்லை.

"அங்க ஏன் போன?"

"நான் எங்க போனேன்? இதுதான் கூட்டிட்டுப் போச்சு. நீ அங்க என்னத்துக்குப் போவ?"

"சும்மா. மீன் பிடிக்கிறவன் வருவான், வேடிக்க பாப்பேன்." குழாயை மூடினான். "இனி அங்க போவாத. எறங்குன தரை, வழுக்கும்."

அவன் தொப்பி அன்றைக்குக் காதுக்கு மேலே ஏறியிருந்தது. காதுக்குப் பின்னால் வெறும் தோல். அடுத்த வாரம் வருவதாகச் சொன்ன புதிய கைகாட்டி வரவே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் ஐ.சி.யு.வில் இருந்தவளுக்கு மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் அந்த இடைவெளியில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறான். அன்று இரவு முழுக்க அவன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் சத்தத்தை வைத்தே வழி பிடித்து, ரயில் நிலையத்துக்கு எதிரே கைகாட்டி பழுது பார்க்கிற கடைக்குப் போனாள். கடை நடத்துகிற நிரோஜா இங்கேயே பிறந்த பெண். அப்பா அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். ஜெனோவா மணியை அவளிடம் கொடுத்துப் பாலத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் நிரோஜா எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இதுக்குள்ள நான் பாத்தா, பாத்ததை அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கவேணும். அது சட்டம். தனக்குத் தானே ஆபத்தான ஆள் எண்டு பதிஞ்சால், வெளிநாட்டு ஆக்களுக்கு விசாவைத் திரும்ப ஒருக்கா விசாரிப்பினம். விளங்குதே?"

ஜெனோவாவுக்கு விளங்கியது. கிளீட்டஸ் ஏன் மணியை அழிக்கக் கொடுக்கவில்லை என்பதும் சேர்ந்தே விளங்கியது.

"அப்ப பாக்க வேண்டாம்" என்று கையை நீட்டினாள்.

நிரோஜா மணியைத் திருப்பித் தரவில்லை. "சரி. இண்டைக்கு நான் ஒண்டும் பாக்கேல்ல. நீங்களும் வரேல்ல" என்று சொல்லி, மணியை ஒரு தட்டில் வைத்துத் திரையைப் பார்த்தாள். ஜெனோவா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை உங்கட அண்ணாதான் புதுசா வாங்கினவரோ?"

"ஆமா. அப்படித்தான் நினைக்கேன்."

"இல்லையக்கா. இவருக்கு முன்னம் இன்னொராள் போட்டிருக்கிறார். கால் வைக்கிற விதம் ஆளுக்காள் வேற, நல்லாத் தெரியும். இந்தப் பாலத்து வழி இருக்கே, அது உங்கட அண்ணா போட முன்னமே இதுக்குள்ள கிடக்கு. ஆழமாக் கிடக்கு. முதல் ஆள் கவலை வந்தா அங்கதான் போயிருக்கிறார், எத்தினையோ தரம். அதுக்குப் பிறகு யார் இதைப் போட்டுக்கொண்டு கவலைப்பட்டாலும், அங்கதான் கூட்டிக்கொண்டு போகும்."

"அப்ப எங்க அண்ணன்?"

"அவரும் போயிருக்கிறார். ஆனா அது அவரின்ர வழி இல்லை." நிரோஜா தயங்கினாள். "இதில ரெண்டு பேருக்கும் வீடு ஒண்டுதான். அந்த வீட்டில முந்தி வேதமுத்து எண்டு ஒருத்தர் இருந்தவர். உங்கட ஊர்ப் பக்கம்தான். ஹார்ட் அட்டாக் எண்டு சொல்லித்தான் எங்கட ஆக்கள் எல்லாரும் சேந்து உடம்பை ஊருக்கு அனுப்பினவை. தண்ணிக்குள்ள இருந்துதான் எடுத்தது. குடும்பத்துக்குத் தெரியவேண்டாம் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்ல."

ஜெனோவா அழவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷத்தில் துள்ள வேண்டும்போல இருந்தது. செத்தவர் படுத்த பாயைத் தூக்கிப்போடுகிற நாம், அவர் கட்டிய வாட்சைத் தூக்கிப்போடுவதில்லை. கிளீட்டஸும் கைகாட்டியை வாட்ச் மாதிரி நினைத்துத்தான் எடுத்திருப்பான். தனக்குச் சாகத் தோன்றுகிறது என்று இத்தனை நாளும் அவன் பயந்தது வேறொருவரின் நடையை! அந்தப் பாவிமகன் வீட்டில் உட்கார்ந்து தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறான்.

"அழிச்சுவிடட்டே?" என்றாள் நிரோஜா.

"இப்ப வேண்டாம். அழிச்சா நான் வீட்டுக்கு எப்படிப் போவேன்? முதல்ல அவன்ட்ட சொல்லணும்."

"கவனமக்கா. சந்தோசமா இருக்கும்வரைக்கும் பிரச்சினை இல்லை."

சந்தோஷத்துக்கு என்ன குறை? கைகாட்டி எங்கும் சுற்றவைக்காமல் நேரே வீட்டில் கொண்டுவந்து விட்டது. அன்றைக்குக் கிளீட்டஸுக்கும் விடுமுறை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, குளிரில் வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"வேதமுத்து அண்ணாச்சியா?" என்றான். "நான் வந்தப்ப அவர் கட்டிலத் தெருவுல போட்டுட்டாங்க. இது அலமாரி டிராயர்ல கெடந்துச்சு. புத்தம் புதுசு மாரி இருந்துச்சு, எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"பாத்தியா? நான் சொன்னேம்லா! உனக்கு ஒண்ணும் இல்லண்ணே. சவம், அந்த மணிதான்."

"ம்."

"ஆனா ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. எங்க கொண்டுபோய் நிறுத்தும்னு தெரிஞ்சுதான எனக்குக் குடுத்த?"

அவன் தலை கவிழ்ந்தது. "எங்கிட்ட இருந்தா போயிருவேன்னு பயமா இருந்துச்சு ஜெனோ. அழிக்கக் குடுத்தா மாட்டிக்கிடுவேன். தண்ணில வீசலாம்னா, அதுக்கும் அந்தப் பாலத்துக்குத்தான் போவணும். நீ சின்னதுலருந்தே அழமாட்ட. அப்பா செத்தப்பகூட நீ அழல. உன்ன அது ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்."

அப்பா செத்தபோது வீடு நிறைய ஆட்கள், அம்மாவைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அதனால் அவள் அழவில்லை. அழத் தெரியாதவள் என்று இவன் எழுதியே வைத்துவிட்டான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் விட்டுவிட்டாள். ஆள் பிழைத்துக்கொண்டான், அது போதும்.

"சரி, விடு. முடிஞ்சுபோச்சு. அது உன் நெனப்பு இல்ல, அவர் நெனப்பு. விளங்குதா?"

கிளீட்டஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயதில் தப்புக் கணக்கை டீச்சர் சரி என்று போட்டுக் கொடுத்தபோது முழித்த அதே முழி.

"அதக் கழத்தி உனக்குக் குடுத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றான். "முன்னால அது கூட்டிட்டுப் போச்சு, சரி. இப்ப எல்லா வழியும் எனக்கே தெரியும். நேத்து சாயங்காலமும் போயிட்டு வந்தேன் ஜெனோ."

வேதமுத்துவின் கைகாட்டி டிராயரில்தான் கிடந்தது என்று இப்போதுதானே சொன்னான். தண்ணீருக்குப் போன அன்றைக்கு அவரும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். கடைசியில் அவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதே, நேரே கேள், கேட்பதால் இல்லாத நினைப்பு புதிதாக வந்துவிடாது என்று நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் அவள் கேட்டிருக்கிறாள். கூடப்பிறந்தவனிடம் கேட்க நாக்கு புரளவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"அண்ணே, சாகணும்னு தோணுதா?"

"ஆமாட்டி" என்றான். சொல்லிவிட்டு, அத்தனை பெரிய ஆள், முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஜெனோவாவுக்கு நெஞ்சு உடைந்தது. உடனே அறையின் தரை சரிந்தது. நாற்காலி, அடுப்பு, கதவு எல்லாம் கால்வாய்ப் பக்கம் சாய்வதுபோல இருந்தது. எழுந்த கால் தானாகக் கதவை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டது. காதுக்குப் பின்னால் விரலை விட்டு, தோல் உரிய மணியைப் பிய்த்து எடுத்து மேசையில் போட்டாள். தரை மட்டமானது.

"சட்டையப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எழுதிருவாங்க. விசா போயிரும். என்னால உன் வேலையும் போவும்."

"போட்டும். ஆம்புலன்ஸக் கூப்பிடுதேன்."

"கூப்பிட்டன்னா, அது வரதுக்குள்ள நான் எறங்கிப் போயிருவேன். சத்தியமா" என்றான். பிறகு, கெஞ்சுகிற குரலில், "நடந்துன்னா வாரேன். உங்கூட நடந்து வாரேன்" என்றான்.

அவனுக்குக் கோட்டை மாட்டி, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல் பொத்தானை எல்லாம் அவளே போட்டாள். படி இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அதே சிவப்புச் செங்கல், அதே ஜன்னல்கள்.

அங்கே வந்து நின்றபிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினம் போய் வருகிற ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே போய் மணியை எடுத்துப் போட்டால் அது இப்போது ஓரிடத்துக்குத்தான் கூட்டிப்போகும். கேட்கலாம் என்றால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"என்னட்டி?"

"எனக்கு வழி தெரியாதுண்ணே" என்றாள். மறைத்துப் பிரயோஜனம் இல்லை. "நீதான் கூட்டிட்டுப் போவணும்."

கிளீட்டஸ் அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு நடக்கத் தொடங்கினான். அவள் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேலைப் பழக்கம், விரல் தன்னால் நாடியைத் தேடிக்கொண்டது. தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு முக்கு வந்தது, நேரே போனான். இன்னொரு முக்கு வந்தது. அங்கே சற்று நின்றான். தூறல் அவன் தொப்பியில் பொட்டுப் பொட்டாகப் படிந்திருந்தது. பிறகு இடது பக்கம் திரும்பினான்.

அது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியா, கால்வாய்க்குப் போகிற வழியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிடியை விடாமல் அவளும் கூடவே திரும்பினாள்.